ஜெபமும் சம்பளமும்: விசுவாசப் பணிமரபின் வரலாறும் தமிழகத்தில் அதன் வடிவமும்

முன்னுரை

கேட்பவர்க்குக் கடவுள் பதிலளிப்பார் என்னும் நம்பிக்கை கிறித்தவ ஜெபத்தின் உயிர்நிலையாகும். இந்நம்பிக்கை தனிமனிதரின் அகவாழ்வைச் சார்ந்ததாகவே பெரிதும் கருதப்படுகிறது. சமய இலக்கிய ஆய்வுகளிலும் அது பக்தியுணர்வு என்னும் பகுப்பினுள் அடக்கப்பட்டுவிடுகிறது. ஆயின் 19ஆம் நூற்றாண்டில் இந்நம்பிக்கை பொருளாதார நெறியாகவும் வடிவம் பெற்றது. அநாதை இல்லங்களும் மறைப்பணி நிலையங்களும் அதன் அடிப்படையில் நடத்தப்பட்டன. மனிதர் எவரிடமும் பொருள் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, வந்த பொருளுக்குக் கணக்கு எழுதி வெளியிடுவது என்பன அந்நெறியின் மூன்று கூறுகள். இவ்வாறு நடைபெற்ற பணியை ‘விசுவாசப் பணி’ என்பர்.

இம்மரபு செருமானிய நகரமான ஹாலேயில் வேர்கொண்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் முழுவடிவம் பெற்று, இந்தியாவில் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலும் மராட்டியப் பகுதியிலும் பரவியது. ஐரோப்பாவில் கடவுளின் உண்மையை மெய்ப்பிக்கும் சான்றாகக் கருதப்பட்ட இந்நெறி, தமிழகத்தில் மறைப்பணிச் சங்கங்களின் சம்பள முறையை எதிர்கொண்டபோது, சுதேசப் பணியாளரின் தற்சார்பு பற்றிய வினாவாக மாறியது. அம்மாற்றத்தையும், அந்நெறிக்குள் தங்கிய முரண்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் இந்நம்பிக்கையைக் குறிக்கும் சொற்கள் கிறித்தவத்திற்கு முற்பட்ட வரலாறு உடையவை. ‘ஜபம்’ என்னும் வடசொல் மந்திரத்தையோ இறைநாமத்தையோ திரும்பத் திரும்ப உருவேற்றுதலைக் குறித்தது. அச்சொல்லே ‘ஜெபம்’ என்றும் ‘செபம்’ என்றும் கிறித்தவ வழக்கில் புகுந்து, கடவுளிடம் தன் தேவையைச் சொல்லிக் கேட்டல் என்னும் பொருளையும் ஏற்றது. ‘விண்ணப்பம்’ என்பது அரசனிடம் முறையிடுதலுக்கும் இறைவன் திருமுன் பாடுதலுக்கும் பொதுவாக வழங்கிய சொல். கோயில்களில் திருப்பதியம் ஓதுதலைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தல்’ என்றே குறிக்கின்றன.

இவற்றுள் ‘விசுவாசம்’ என்னும் சொல் இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருக்கமானது. கிறித்தவத் தமிழில் அது கடவுள்மீது வைக்கும் நம்பிக்கை. பொதுத் தமிழிலோ, தன்னை உண்பிப்பவரிடம் ஒருவர் காட்டும் நன்றியையும் பற்றையும் அது குறிக்கும். எசமான விசுவாசம், நன்றி விசுவாசம் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. எனவே தமிழ்ச் சூழலில் விசுவாசம் பற்றிய பேச்சு, யாருடைய உப்பை உண்கிறோம் என்னும் வினாவையும் உள்ளடக்கியது. சங்கத்தின் சம்பளம் பெறும் உபதேசியாரின் விசுவாசம் யாரிடத்தது என்பது 19ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலியில் வெறும் சொல்லாராய்ச்சியாக இருக்கவில்லை.

ஹாலே: உண்டியலும் அறிக்கையும்

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே (1663–1727) ஹாலேயை ஒட்டிய கிளவ்ஹா என்னும் ஊரின் போதகர்; ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் விளங்கினார். 1695இல் அவரது இல்லத்து உண்டியலில் ஒருவர் இட்ட நான்கு தாலர் பதினாறு குரோஷன் காசைக் கொண்டு ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவர் இறந்தபோது அங்கிருந்த பள்ளிகளில் 2,000க்கும் மேற்பட்ட சிறுவர் பயின்றனர். தேவை நேர்ந்தபோது ஜெபித்ததையும், அதன்பின் பொருள் வந்ததையும் பிராங்கே 1701இல் தொடங்கி நூலாக வெளியிட்டார். ஜெபத்தையும் வரவையும் அருகருகே எழுதிவைக்கும் இலக்கிய வகைக்கு இந்நூல் முன்மாதிரியாயிற்று.

எனினும் ஹாலே முற்றிலும் காணிக்கையால் இயங்கியதன்று. மருந்து விற்பனை, அச்சகம், நூல் வணிகம் ஆகியவற்றின் வருவாயும் அரசு அளித்த சலுகைகளும் அதற்கு உதவின. ஜெபமும் முயற்சியும் அங்கு ஒன்றையொன்று விலக்கவில்லை.

ஹாலேயின் தொடர்பு தமிழுக்கு நேரடியானது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிச் புளூட்சோவும் இந்நகரின் பக்தி இயக்கத்தைச் சார்ந்தவர்கள். டென்மார்க் அரசரின் ஆதரவில் நடந்த அப்பணிக்கு ஹாலே ஆள்களையும் அச்சுக் கருவிகளையும் அனுப்பியது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற மடல்களும் குறிப்புகளும் 1710 முதல் ‘ஹாலே அறிக்கைகள்’ என்னும் பெயரில் அச்சாயின. தமிழரின் சமயத்தையும் வாழ்வையும் ஐரோப்பியர்க்கு அறிவித்த அவ்வறிக்கைகள், அப்பணிக்குப் பொருள் திரட்டும் கருவிகளாகவும் பயன்பட்டன. செய்தி அறிவித்தலே வேண்டுகோளாகவும் அமையும் இவ்விரட்டைத் தன்மை, பின்வந்த விசுவாசப் பணிமரபு முழுவதையும் தொடர்ந்த சிக்கலாகும்.

பிரிஸ்டல்: கேளாமை என்னும் நெறி

ஜார்ஜ் முல்லர் (1805–1898) பிரஷ்யாவில் பிறந்து ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1829இல் இங்கிலாந்து சென்று, 1830இல் டெவன் பகுதியிலுள்ள டின்மத் என்னும் ஊரில் ஒரு சிறு சபையின் போதகரானார். அங்கு ஆண்டுக்கு 55 பவுண்டு அவருக்குச் சம்பளமாகக் கிடைத்தது. ஆலயத்தின் இருக்கைகளுக்குப் பெற்ற வாடகையிலிருந்து அது வழங்கப்பட்டது. செல்வர் நல்ல இருக்கையையும் ஏழையர் எஞ்சிய இடத்தையும் பெறும் அம்முறை யாக்கோபு நிருபத்தின் கருத்துக்கு மாறானது என்று கருதிய முல்லர், அவ்வாண்டின் இறுதியில் சம்பளத்தைத் துறந்தார். விரும்புவோர் இடுவதற்கு ஆலயத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. சம்பளத் துறவின் தொடக்கக் காரணம் ஏற்றத்தாழ்வு பற்றிய மறுப்பு என்பது இங்குக் கருதத்தக்கது.

1832இல் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்த முல்லர் 1835இல் பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் படித்தார். அநாதை இல்லம் தொடங்கும் எண்ணம் அதனால் உறுதிப்பட்டது. பட்டினிக்கு அஞ்சி நாள்தோறும் 14 முதல் 16 மணி நேரம் உழைத்து உடல் நலிந்த ஒருவரைக் கண்ட நிகழ்ச்சியை முல்லர் தம் குறிப்பில் பதிவு செய்துள்ளார். உழைப்பைக் குறைத்துக்கொண்டாலும் கடவுள் காப்பார் என்று அத்தகையோர்க்குச் சொன்னால் மட்டும் போதாது. கண்ணால் காணத்தக்க சான்று ஒன்று வேண்டும் என அவர் எண்ணினார். அநாதைகளைக் காப்பதும் அவர் நோக்கமே. ஆயினும் கடவுளை நம்புவது வீணன்று என மெய்ப்பிப்பதையே முதல் நோக்கமாக அவர் அறிவித்தார். தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தின் கூலி உழைப்பும் அச்சமும் இவ்வறிவிப்பின் பின்புலமாக உள்ளன.

1836 ஏப்ரல் 11ஆம் நாள் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் முதல் இல்லம் திறக்கப்பட்டது. அதற்குமுன் விண்ணப்பங்களைப் பெறக் குறித்த நாளில் ஒரு குழந்தைக்கேனும் விண்ணப்பம் வரவில்லை. வீட்டுக்காகவும் பணத்துக்காகவும் பணியாளர்க்காகவும் ஜெபித்தவர், குழந்தைகள் வரவேண்டும் என்று ஜெபிக்கவில்லை என்பதை அன்று உணர்ந்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. சிறு செய்தியேயாயினும், எதையும் தானே நிகழும் என எடுத்துக்கொள்ளாத அம்மரபின் இயல்பை இது நன்கு காட்டுகிறது. 1849 முதல் 1870 வரை ஆஷ்லி டவுன் என்னுமிடத்தில் ஐந்து பெரிய இல்லங்கள் எழுந்தன. ஒரே காலத்தில் 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அங்கு இடமிருந்தது. முல்லரின் வாழ்நாளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர். எல்லாப் பணிகளுக்குமாக வந்த தொகை ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டு.

எவரிடமும் கேட்கவில்லை எனினும், ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுவது மறைமுகமாகக் கேட்பதாகாதா என்னும் வினா எழுவது இயல்பு. முல்லர் இதை உணர்ந்திருந்தார் என்பதற்கு 1841ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். அவ்வாண்டு டிசம்பரில் ஆண்டறிக்கையும் பொதுக்கூட்டமும் அமைய வேண்டியிருந்தன. அப்போது இல்லத்தில் பணமுடை மிகுந்திருந்தது. அந்நேரத்தில் அறிக்கை வெளியானால் வறுமையைச் சொல்லிப் பொருள் கேட்டதாகும் என்று கருதி, அவரும் உடன்பணியாளரும் இரண்டையும் தள்ளிவைத்தனர். அடுத்து வந்த மாதங்கள் கடுமையாக இருந்தன. எனினும் இந்நெறி முழுத் தூய்மையுடன் இயங்கியது என்று கொள்ளுதற்கில்லை. 1838இன் நெருக்கடியில் நிலைமை உடன்பணியாளர்க்குத் தெரிவிக்கப்பட்டது. அவர்கள் தம் சொந்தப் பொருளையும் கொடுத்து உதவினர். முடை தீர்ந்தபின் வெளியான அறிக்கைகளும் வாசகரின் உள்ளத்தை அசைத்தே இருக்கும். கேட்கும் காலத்தைத் தள்ளிவைக்கலாமே தவிர, எழுத்தின் ஆற்றலை முற்றிலும் நீக்க இயலாது என்பதே இதனால் பெறப்படும்.

குரோவ்ஸ்: இந்தியாவிற்கு வந்த வழி

பிரிஸ்டல் நெறியை இந்தியாவோடு இணைத்தவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் (1795–1853). முல்லர் 1830இல் மணந்த மேரி இவருடைய தங்கை. எக்ஸ்டர் நகரில் பல் மருத்துவராக நல்ல வருவாய் ஈட்டிய குரோவ்ஸ், செல்வத்தைச் சேர்த்துவைப்பது கிறித்தவர்க்கு ஒவ்வாது என வலியுறுத்தி 1825இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். முல்லரின் சிந்தனையிலும் அந்நூல் தாக்கம் செலுத்தியது. குரோவ்ஸ் 1829இல் எச்சங்கத்தின் ஊதியமுமின்றிப் பாக்தாத் சென்றார். 1833இல் இந்தியா வந்தார்.

அக்காலத்துத் திருநெல்வேலியில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் பணி, பிரஷ்யரான சார்லஸ் ரேனியஸின் தலைமையில் விரிந்திருந்தது. ரேனியஸ் 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றியவர். உபதேசியார் பலரைப் பயிற்றுவித்தவர். தமிழ் இலக்கணமும் விவிலிய மொழிபெயர்ப்பும் செய்தவர். திருநிலைப்படுத்தும் உரிமை பற்றிய கருத்து வேறுபாட்டால் 1835இல் சங்கத்திலிருந்து விலக நேர்ந்த அவருக்கு ஆதரவளித்தவர்களுள் குரோவ்ஸும் ஒருவர். திருவிருந்து நடத்த ஐரோப்பியக் குரு ஒருவர் இன்றியமையாதவர் என்னும் கருத்தைக் குரோவ்ஸ் ஏற்கவில்லை. வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளத்தில் இருக்கும்வரை சுதேசப் பணியாளர் அதன் ஏவலராகவே இருப்பர் என்பதும் அவர் எண்ணம். பின்னாளில் சித்தூரில் பண்ணை அமைத்து, பணியாளர் தம் கையுழைப்பால் வாழும் வழியையும் அவர் முயன்று பார்த்தார்.

அருளப்பன்: தமிழகத்தில் நெறியின் மாற்றம்

இச்சூழலில் உருவானவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867). திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, ரேனியஸின் பள்ளியில் பயின்று, குரோவ்ஸின் உடன்பணியாளராக விளங்கியவர் இவர். 1840இல் தனிப்பணி தொடங்கியபோது, நிலையான சம்பளம் எதையும் இவர் ஏற்கவில்லை. தேவைகளைக் கடவுளிடமே தெரிவித்து வாழ்வது என முடிவு செய்தார். இவர் அமைத்த கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பு, சபையும் பள்ளியும் கூடிய பணிமையமாயிற்று.

முல்லரின் சம்பளத் துறவும் அருளப்பனின் சம்பளத் துறவும் வடிவில் ஒன்றே. சமூகப் பொருளில் வேறானவை. டின்மத் போதகர் துறந்தது தம் சபையினரிடமிருந்து வந்த ஊதியம். தமிழ் உபதேசியார் துறந்ததோ, ஆளும் நாட்டைச் சார்ந்த சங்கத்தின் ஊதியம். அச்சம்பளத்தோடு மேற்பார்வை, இடமாற்றம், பதவி உயர்வு, அறிக்கை அளிக்கும் கடமை ஆகிய அனைத்தும் பிணைந்திருந்தன. அதை மறுத்தவர் எங்குப் பணியாற்றுவது, யாரோடு திருவிருந்தில் அமர்வது என்பவற்றைத் தாமே முடிவு செய்யும் உரிமையைப் பெற்றார். மனிதரிடம் கேளாமை என்னும் சமய நெறி, மனிதர்க்கு உட்படாமை என்னும் சமூகப் பயனையும் இங்குத் தந்தது.

இதன் விளைவு 1860இல் வெளிப்பட்டது. அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்த எழுப்புதல் செய்திகள் அருளப்பனை எட்டியிருந்தன. அவ்வாண்டு மார்ச்சு மாதம் கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் தோன்றித் திருநெல்வேலிப் பகுதிகளுக்குப் பரவியது. கண்ணீரும் பாவ அறிக்கையும், காட்சிகளும் தீர்க்கதரிசனமும் அதில் இடம்பெற்றன. ஆண்களும் பெண்களும் ஊதியமின்றி ஊர்தோறும் சென்று மறையுரைத்தனர். உணர்ச்சி மிகுதியை மறைப்பணியாளர் சிலர் ஐயுற்றனர். ஆயினும் இவ்வெழுச்சி சுதேசச் சபையினரிடமிருந்தே தோன்றியது என்பதைச் சர்ச் மிஷனெரி சங்கத்தாரும் பதிவு செய்தனர். சம்பளம் பெறாத ஒருவரைச் சுற்றிச் சம்பளம் பெறாத பணியாளர் திரண்டது எதிர்பாராத நிகழ்வன்று எனலாம்.

அருளப்பனின் தற்சார்புக்கும் எல்லை இருந்தது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்புகளும் மடல்களும் இங்கிலாந்தின் சகோதர சபையாரிடையே படிக்கப்பட்டன. அங்கிருந்தும் அன்பளிப்புகள் வந்தன. ஹாலே அறிக்கைகளின் இரட்டைத் தன்மை இங்கும் தொடர்வதைக் காணலாம். எனினும் அன்பளிப்பு வேறு, சம்பளம் வேறு. முன்னது நின்றுபோகலாம், ஆனால் ஆணையிடாது. அந்நிலையாமையை ஏற்கும் துணிவையே ஜெப நம்பிக்கை அவருக்கு அளித்தது. அவருடைய எழுத்துகளை 1939இல் ஜி. எச். லாங் தொகுத்து வெளியிட்டமையால் இவ்வரலாறு இன்று அறியக் கிடைக்கிறது.

கேட்காவும் டோனாவூரும்

இந்நெறி பின்னர் இருவேறு பெண்களின் பணிகளில் தொடர்ந்தது. பண்டித ரமாபாயின் (1858–1922) ‘சாரதா சதன்’ இல்லத்திற்கு, 1887இல் பாஸ்டனில் அமைந்த அமெரிக்க ரமாபாய் சங்கம் பத்தாண்டு ஆதரவை உறுதி செய்திருந்தது. அக்காலம் முடிவுற்ற 1898ஐ ஒட்டியே புணேக்கு அருகிலுள்ள கேட்காவில் முக்தி இல்லம் வளர்ந்தது. முல்லரின் வரலாற்றைப் படித்துத் தாமும் அவ்வழியே கடவுளை நம்பத் துணிந்ததை ரமாபாய் தம் சாட்சி நூலில் குறிப்பிட்டுள்ளார். 1896–97இலும் 1900இலும் நேர்ந்த பஞ்சங்களில் மீட்கப்பட்டு அங்கு வாழ்ந்த பெண்களும் சிறுமியரும் இரண்டாயிரத்தை நெருங்கினர். ‘முக்தி ஜெபமணி’ எனப் பொருள்படும் பெயரில் அவர் நடத்திய ஆங்கில இதழ், ஜெபத்தையும் அறிக்கையையும் ஒருசேரத் தாங்கியது.

அயர்லாந்தினரான ஏமி கார்மைக்கேல் (1867–1951) 1895இல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரில் பணியாற்றினார். கோயிலுக்கு ஒப்படைக்கப்படும் நிலையிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியைக் காத்ததே அப்பணியின் தொடக்கம். பொருளுதவி வேண்டி முறையீடு செய்வதில்லை என்பதை அவரும் நெறியாகக் கொண்டார். பொருள் வந்த வகையைத் தனி நூலாகவும் எழுதினார்.

இதே காலத்தில் தற்சார்பு வினாவிற்கு வேறொரு விடையும் தோன்றியது. 1903இல் வே. ச. அசரியாவும் உடன்பணியாளரும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினர். 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் அமைந்தது. இந்தியரின் பொருளால், இந்தியப் பணியாளரால், இந்தியத் தலைமையில் பணி நடைபெற வேண்டும் என்பது அதன் கொள்கை. அருளப்பன் தனிமனித விசுவாசத்தால் நாடியதை, இச்சங்கங்கள் சபையாரின் ஒழுங்கான காணிக்கையால் நாடின. இவை கேட்டுப் பெற்றன. எனினும் தம் மக்களிடமே கேட்டன. இருவழியும் ஒரே வினாவிலிருந்து பிறந்தவை.

கேட்டது கிடைக்காதபோது

பதில் கிடைத்த ஜெபங்களை எழுதிவைக்கும் மரபு, கிடைக்காதவற்றை மறந்துவிடும் என்பது இம்மரபின்மீது கூறத்தக்க வலுவான மறுப்பு. ஆயின் இதன் முதன்மையானோர் வரலாறு அத்தகைய இழப்புகள் நிறைந்தது. 1831இல் பாக்தாத்தைக் கொள்ளைநோயும் வெள்ளமும் தாக்கியபோது குரோவ்ஸ் தம் மனைவியை இழந்தார். அத்துயர நாள்களை அவர் நாட்குறிப்பு மறைக்கவில்லை. முல்லரின் மனைவி மேரி 1870இல் மறைந்தார். மனைவி பிழைக்க ஜெபித்த முல்லர், அவருடைய இறுதிச் சடங்கில் கடவுளின் நன்மையைப் பற்றியே உரை நிகழ்த்தினார். 1890இல் மகள் லிடியாவின் மறைவுச் செய்தி, இந்தியப் பயணத்தில் இருந்த அவருக்கு ஜபல்பூரில் கிடைத்தது. ரமாபாய் தமக்குப்பின் பணியை ஏற்பார் என எண்ணியிருந்த மகள் மனோரமாவை 1921இல் இழந்தார். 1931இல் கீழே விழுந்து காயமுற்ற கார்மைக்கேல், நலம்பெற வேண்டிப் பலர் ஜெபித்தும், இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரிதும் தம் அறையிலேயே வாழ்ந்தார்.

இவர்களது நம்பிக்கை இவ்விழப்புகளால் பொய்த்தது என்று இவர்கள் கருதவில்லை. கெத்சமனேயில் இயேசு செய்த ஜெபமும், தம் உடலின் ‘முள்’ நீங்க வேண்டிய பவுலின் மன்றாட்டும் கேட்டபடி நிறைவேறவில்லை என்பதை விவிலியமே கூறுகிறது. அப்பகுதிகளின் துணையால், மறுப்பும் பதிலே என இம்மரபினர் பொருள்கொண்டனர். ஆய்வு நோக்கில் இவ்விளக்கம் மெய்ப்பிக்கவும் மறுக்கவும் இயலாதது. இல்லத்துக் குழந்தைகளுக்கு உணவு வந்ததைச் சான்றாகக் காட்டியவர்கள், மனைவியோ மகளோ இறந்ததை எதிர்ச்சான்றாகக் கொள்ளவில்லை. தர்க்கத்தில் இது இடைவெளியே. ஆயினும் அவ்விழப்புகளை மறைக்காமல் தம் எழுத்துகளிலும் உரைகளிலும் இடம்பெறச் செய்தமையால், இம்மரபின் பதிவுகள் வெறும் வெற்றிப் பட்டியலாகச் சுருங்கவில்லை.

முடிவுரை

ஜெபத்திற்குக் கடவுள் பதிலளிப்பார் என்னும் நம்பிக்கை, ஹாலேயில் அறநிறுவனத்தின் தொடக்கமாகவும், பிரிஸ்டலில் பொதுமக்கள் காணத்தக்க சான்றாகவும், கிறிஸ்தியான்பேட்டையில் சுதேசப் பணியாளரின் தற்சார்பாகவும் வடிவம் கொண்டது. அறிக்கையே வேண்டுகோளாகிவிடும் முரண் மூவிடத்தும் தொடர்ந்தது. அம்முரணை உணர்ந்து, 1841இல் முல்லர் செய்ததுபோல், இழப்பை ஏற்றும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டதே இம்மரபின் நேர்மைக்கு அளவுகோலாகும்.

தமிழகத்தைப் பொறுத்தவரை, அருளப்பனின் வாழ்வு ‘விசுவாசம்’ என்னும் சொல்லின் இருபொருளையும் ஒருசேர வெளிப்படுத்துகிறது. உண்பிப்பவரிடம் பற்று என்னும் பொதுத்தமிழ்ப் பொருளை அவர் விலக்கவில்லை. உண்பிப்பவர் கடவுளே எனக் கொண்டார். அதனால் சங்கத்தின் ஆணைக்கு உட்படாத ஒரு தமிழ்ப் பணியாளர் 1840இலேயே உருவாக முடிந்தது. கிறித்தவத் தமிழ் இலக்கியத்தில் ஜெபம் பற்றிய பாடல்களையும் நாட்குறிப்புகளையும் ஆராய்வோர், பக்தியுணர்வோடு அவற்றின் பின்னுள்ள சம்பளம், காணிக்கை, கணக்கு ஆகியவற்றையும் சேர்த்து நோக்குவராயின், சுதேசத் திருச்சபைகளின் உருவாக்கம் மேலும் தெளிவுறும்.